மலையேற முடியாத கண்

விழித்திரை விலகலுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்த ஒருவருக்கு ஓரிரண்டு மாதத்தில் மறுபடியும் பார்வை மங்கினால், எங்கள் பக்கம் உடனே கிளம்பும் பேச்சு "டொக்டருக்குக் கைராசி இல்லை" என்பதுதான். லயத்து வாசலிலும் சொல்வார்கள், தலவாக்கலை பஸ் தரிப்பிடத்திலும் சொல்வார்கள். என் மாமாவுக்கு இது நடந்தபோதும் சொன்னார்கள். "ஒருதரம் கத்தி வச்சது போதும், இனி அந்தக் கண்ணைத் தொட விடாதீங்க" என்று அத்தையிடம் வந்து அழாத குறையாகக் கேட்டவர்களும் உண்டு. எல்லாம் அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு அந்தக் கண்ணில் இப்போது டோர்ச் வெளிச்சம்கூடத் தெரியாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் படிந்திருக்கும் நரம்புப் படலம். அதன் தடிப்பு கால் மில்லிமீற்றர் அளவுதான், பல இடங்களில் அதைவிடக் குறைவு. கண்ணுக்குள்ளே பெரும்பகுதியை நிரப்பியிருப்பது விழிக்கூழ். ஏறக்குறைய 4 மில்லிலீற்றர், அதிலும் மிகப் பெரும்பங்கு தண்ணீர். வயது போகப் போக இந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கி, விழித்திரையை விட்டு விலகும். எல்லோருக்கும் நடக்கிற சங்கதிதான். சிலருக்கு மட்டும் அது விலகும்போது ஓரிடத்தில் பிடியை விடாமல் இழுத்து விழித்திரையைக் கிழித்துவிடும். கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்து படலத்தைச் சுவரிலிருந்து கழற்றும். கிட்டப்பார்வை கூடியவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

மாமா கவ்வாத்து வெட்டுகிறவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். கத்தி ஓங்கும்போது முற்றின வாது தெறிக்கும். அப்படித் தெறித்த ஒரு துண்டு அவருடைய வலது கண்ணில் பட்டது. தோட்டத்து மருந்தகத்தில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சிவப்பு போனது, வலி போனது, மாமாவும் மலைக்குப் போய்விட்டார். அப்புறம் சில மாதம் கழித்துக் கண்ணுக்குள் பூச்சி பறப்பதாகச் சொன்னார். இருட்டில் மின்னல் வெட்டுவதாகச் சொன்னார். யாரும் பெரிதாக எடுக்கவில்லை, வலி இல்லாததால்.

வலி இல்லாததுதான் இந்த நோயின் பொல்லாத குணம். இன்னொன்று, ஒரு கண் பறிகொடுப்பதை மற்றக் கண் மூடி மறைத்துவிடும். ஒருநாள் காலையில் மாமா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். சோப்பு நுரை இடது கண்ணில் பட, அதை மூடிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது. வாயும் நாடியும் இல்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தும் இல்லை. பிளேடைக் கீழே வைத்துவிட்டு, "மாப்ள, எனக்குப் பாதி மூஞ்சியைக் காணோம்டா" என்று எனக்குப் போன் எடுத்தார். கண்ணில் விழும் படம் தலைகீழானது. கீழ்ப்பாதி தெரியவில்லை என்றால் விழித்திரையின் மேல்பாதி கழன்றிருக்கிறது. மேல்பக்க விலகல் வேகமாக இறங்கி, பார்வையின் நடுப்புள்ளியான மக்கியுலாவைப் பிடித்துவிடும். மக்கியுலா கழலுமுன் ஒட்டவைத்தால் பார்வை பெரும்பாலும் தங்கும். கழன்றுவிட்டால், எண்ணி ஒரு வாரத்துக்குள்ளாவது செய்துவிட வேண்டும் என்பார்கள். எங்களுக்கு அந்த ஒரு வாரம் தோட்டத்திலிருந்து டவுன் வைத்தியசாலை, அங்கிருந்து பெரிய வைத்தியசாலை, அங்கிருந்து விழித்திரை வைத்தியர் இருக்கும் இடம் என்று கடிதத்துக்கு மேல் கடிதமாகக் கரைந்தது. விழித்திரை விசேட நிபுணர்கள் நாட்டிலேயே கொஞ்சப் பேர்தான். அதிலும் பெரும்பாலானோர் கொழும்பில். கண்டியை விட்டால் மலையகத்தில் இந்தச் சத்திரசிகிச்சையை நம்பிப் போக இடமில்லை என்றே சொல்லலாம்.

ஒரு காலத்தில் உலகத்தில் எங்குமே இடம் இருக்கவில்லை. விழித்திரை கழன்றால் கண் போனது என்பதுதான் சட்டம். கிழிசல்தான் காரணம், அதை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று கண்டு, அதைச் செய்தும் காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து வைத்தியர் ஜூல் கொனான். 1920களில்தான் மற்றவர்கள் அவரை நம்பத் தொடங்கினார்கள். பிறகு 1949இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் குஸ்டோடிஸ் கண்ணின் வெளிச்சுவரில் ஒரு துண்டை வைத்துத் தைத்து, சுவரை உள்ளே அமுக்கி விழித்திரையோடு சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். 1970ஐ ஒட்டி மியாமியில் ரொபர்ட் மாக்கெமர், கண்ணுக்குள் நுழைந்து விழிக்கூழையே வெட்டி உறிஞ்சும் கருவியைச் செய்தார். இன்றைக்குச் செய்யும் விட்ரெக்டமி அதிலிருந்து வந்தது. அப்போது 2 மில்லிமீற்றருக்கு மேல் துளை போட வேண்டியிருந்தது. இப்போது அரை மில்லிமீற்றர் அளவுத் துளை, பெரும்பாலும் தையல்கூட வேண்டாம்.

மாமாவுக்கு முதலில் செய்தது இந்த விட்ரெக்டமிதான். கூழை எடுத்து, கிழிசலைச் சுற்றி லேசர் சுட்டு, கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றை விட்டார்கள். குமிழ் கிழிசலை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். லேசர் வடு இறுகும்வரை அது அங்கே இருக்க வேண்டும், அப்புறம் தானாகவே கரைந்துவிடும். எஸ்.எப்.6 என்ற வாயு என்றால் இரண்டு வாரம் அளவில் போய்விடும். சி3.எப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். மாமாவுக்கு வைத்தது இரண்டாவது.

தியேட்டருக்குக் கூட்டிப்போகுமுன் வைத்தியர் கிளினிக் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே "கெதர கொஹெத?", அதாவது வீடு எங்கே என்று கேட்டார். நான் நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டம் என்று சிங்களத்தில் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டார். கொழும்பில் தங்க ஆள் இருக்கிறதா என்றார். மச்சான், அதாவது மாமாவின் மகன், புறக்கோட்டை ஹாட்வெயார் கடையொன்றில் வேலை, கொட்டாஞ்சேனையில் ஒரு ரூம் எடுத்து இருக்கிறான் என்றேன். "அப்படியென்றால் குமிழ் போகும்வரை ஐயா அங்கேதான். மலைக்கு ஏறவே கூடாது" என்றார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவன்.

ஏன் என்பதை மலையகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் அடைபட்ட வாயு விரியும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கொழும்பில் கண்ணுக்குள் வைத்த குமிழ் அங்கே போய்ச் சேரும்போது, கணக்குப்படி நூற்றுக்கு 25 பங்கு பெரிதாகப் பார்க்கும். ஹட்டனுக்குப் போனாலே நூற்றுக்கு 17 அளவில். ஆனால் கண் விரிந்துகொடுக்கிற உறுப்பு இல்லை. விரிய இடமில்லாத வாயு கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றும். மெதுவாக ஏறினால், குமிழும் சின்னதாக இருந்தால், கண் தன் நீரைக் கொஞ்சம் வடித்துச் சமாளிக்கும். பெரிய குமிழோடு அவிசாவளை தாண்டி, கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஏறுகிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. கடுமையான வலி வரும், வாந்தி வரும், விழித்திரைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியே அடைபட்டுப் பார்வை இருண்டுவிடலாம். பஸ் பயணத்தில் வரும் தலைசுற்று, வாந்தி எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான விஷயம் என்பதால் அதை யாரும் கண்ணோடு சேர்த்து யோசிக்கமாட்டார்கள் என்பது எனக்கு இன்னும் பயம் தருகிறது.

விமானத்தில் ஏறக்கூடாது என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், அட்டையிலும் எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் விமானம் ஏறப்போகிறார்கள்? நானுஓயா ரயில் ஏறுவார்கள். அந்தப் பாதையில் பட்டிப்பொலை நிலையம் 1,891 மீற்றரில் இருக்கிறது, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் அது. கண்டியில் செய்துகொண்டு வருகிறவர்களும் கவனிக்க வேண்டும். கண்டி 500 மீற்றர் அளவுதான். அங்கிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறினாலும் குமிழ் நூற்றுக்கு 18 அளவில் விரியப் பார்க்கும். குமிழ் எவ்வளவு கரைந்தபின் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதை ஒபரேஷன் செய்த வைத்தியர்தான் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் நம் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்று: குமிழ் இருக்கும் நாட்களில் வேறு ஏதாவது ஒபரேஷனுக்கு மயக்கமருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணுக்குள் வாயு இருப்பதை முதலில் சொல்லுங்கள். நைட்ரஸ் ஒக்சைட் கொடுத்தால் அது குமிழுக்குள் புகுந்து அதே ஆபத்தைச் செய்யும்.

கொட்டாஞ்சேனை ரூமில் மாமா கவிழ்ந்து படுத்துக் கிடந்தார். குமிழ் எப்போதும் மேலே மிதக்கும், அதனால் கிழிசலும் மக்கியுலாவும் இருக்கும் பக்கம் மேலே வரும்படி தலையை வைத்திருக்க வேண்டும். நெஞ்சுக்குத் தலையணை, நெற்றிக்குச் சுருட்டிய துவாய். சோற்றுப் பீங்கானைத் தரையில் வைத்து, குந்தியிருந்து குனிந்தபடியே சாப்பிட்டார். தேத்தண்ணியை ஸ்ட்ரோ போட்டுக் குடித்தார். மலையில் நாள் முழுக்க நிமிர்ந்து நடந்த மனிதர். மச்சான் வேலைக்குப் போனபின் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. நிமிரும்போது குமிழின் விளிம்பு ஒரு கோடாகத் தெரியும், கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். குமிழ் கரையக் கரையக் கோடு கீழே இறங்கும். ஒவ்வொரு இரவும் போனில் "மாப்ள, இன்னைக்கு மூக்குக்கு வந்திருச்சு", "இன்னைக்கு வாய்க்குக் கீழ" என்று கணக்குச் சொல்வார். கடைசியில் அது ஒரு சின்ன உருண்டையாகிக் காணாமல் போனது. கிளினிக்கில் விழித்திரை ஒட்டியிருக்கிறது என்றார்கள். மாமா ஊருக்கு வந்தார். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அதன்பின் கொஞ்ச நாளில்தான் மறுபடியும் மங்கல். நேர்க்கோடு வளைந்து தெரிகிறது என்றார். வாசல் நிலை இடுப்பில் மடிந்திருப்பதாகச் சொன்னார். கைராசிப் பேச்சு தொடங்கியது அப்போதுதான்.

இதற்கு வைத்தியர்கள் வைத்திருக்கும் பெயர் பி.வி.ஆர். கிளினிக் புத்தகத்தில் அந்த மூன்றெழுத்தைத்தான் எழுதினார்கள். விழித்திரைக்குப் பின்னால் நிறமுள்ள கலங்களால் ஆன ஓர் அடுக்கு உண்டு. விழித்திரைக்குச் சாப்பாடு கொடுப்பது, நீரை உறிஞ்சி அதைச் சுவரோடு ஒட்டவைத்திருப்பது எல்லாம் அதன் வேலை. விழித்திரை கிழிந்தால் இந்தக் கலங்கள் கிழிசல் வழியாகக் கண்ணுக்குள் உதிர்கின்றன. இடம் மாறியதும் குணமும் மாறிவிடும். தோலில் காயம் பட்டால் அதை மூட வரும் கலங்களைப் போல உருவெடுத்து, பெருகி, விழித்திரையின் மேலும் அடியிலும் தழும்புத் திசுவாகப் படியும். காயத் தழும்பு சுருங்குவது இயல்பு, தோலில் அது நல்லது, காயத்தின் வாயை மூடும். கண்ணுக்குள் சுருங்கினால் விழித்திரையையும் கூட இழுத்துக்கொண்டு சுருங்கும். தாளில் பசையைத் தடவிக் காயவிட்டால் தாள் எப்படி முறுக்கிக்கொண்டு மடிகிறதோ அப்படி. அடைத்த கிழிசல் திறக்கும், புதுக் கிழிசல் விழும், ஒட்டிய விழித்திரை மறுபடி கழலும்.

ஆக, உடம்பு தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறது, அந்த ஆற்றுகைதான் கண்ணைக் கெடுக்கிறது. வைத்தியரின் கை இதில் செய்யக்கூடியது ஓரளவுதான். விழித்திரை விலகல் வந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது வருகிறது. உலகத்தின் எந்தப் பெரிய கண் வைத்தியசாலையிலும், முதல் சத்திரசிகிச்சை தோற்பதற்குப் பெருங்காரணம் இதுதான். பெரும்பாலும் சத்திரசிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும். பெரிய கிழிசல், கண்ணுக்குள் இரத்தக்கசிவு, அடிபட்ட கண், நாள்பட்ட விலகல் என்பவை இருந்தால் வாய்ப்புக் கூடும். இவற்றில் கடைசியானதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதங்கள் நினைவுக்கு வரும். கிழிசல் திறந்து கிடக்கும் ஒவ்வொரு நாளும் கலங்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மலையகத்துக் கண்ணுக்கு இந்தத் தழும்பு வருவதில் தூரத்துக்கும் பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தழும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை ஏ, பி, சி என்று மூன்று படியாகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் கூழுக்குள் நிறத்துகள்கள் மிதப்பதோடு சரி. பி என்றால் விழித்திரையின் மேற்பரப்பு சுருங்கி, கிழிசலின் ஓரம் சுருண்டிருக்கும். சி என்றால் முழுத் தடிப்பும் மடிந்து விறைத்துவிட்டது. சி-யோடு சேர்த்து, அந்த மடிப்பு மணிக்கூட்டு முகத்தில் எத்தனை மணி அளவுக்குப் பரவியிருக்கிறது என்றும் எழுதுவார்கள். மாமாவுடையது சி.

இரண்டாம் சத்திரசிகிச்சை முதலாவதைவிட மிக நீண்டது. உள்ளே என்ன செய்தார்கள் என்று அடுத்த கிளினிக்கில் கேட்டபோது, வைத்தியர் ஒரு காகிதத்தில் வட்டம் கீறிக் காட்டினார். முதலில் ஓரங்களில் மிச்சமிருக்கும் கூழைச் சுத்தமாக எடுக்க வேண்டும், தழும்பு பற்றிக்கொள்ளும் சட்டமே அதுதான். தழும்புப் படலம் கண்ணாடி போல இருப்பதால் நுண்காட்டியிலும் சரியாகத் தெரியாது. அதனால் டிரைபன் புளூ என்ற நீலச் சாயத்தை விட்டு, அது பிடித்த இடத்தை நுனி மெல்லிய இடுக்கியால் பிடித்து உரிக்கிறார்கள். விழித்திரையே கால் மில்லிமீற்றர். அதன்மேல் ஒட்டியிருக்கும் படலத்தை, கீழே இருப்பது கிழியாமல் உரிக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் போவார்கள். கொஞ்சம் உரித்ததும் தண்ணீரைவிட முக்கால் மடங்கு கூடுதல் பாரமுள்ள ஒரு திரவத்தை விடுகிறார்கள். பெர்புளோரோகாபன் என்று பெயர். 1980களில் ஸ்டான்லி சாங் என்ற வைத்தியர் இதைக் கண் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாரத்தில் விழித்திரை நடுவிலிருந்து விரிந்து சுவரில் படியும், பின்னால் தேங்கிய நீர் ஓரத்தால் வெளியேறும். எங்கே படிய மறுக்கிறதோ அங்கே இன்னும் தழும்பு இருக்கிறது என்று அர்த்தம். திரும்பவும் உரிப்பு.

எவ்வளவு உரித்தாலும் சில இடத்தில் விழித்திரை சுருங்கிக் கட்டையாகிவிட்டிருக்கும், சுவருக்கு எட்டாது. அப்போது ஓரத்து விழித்திரையை வெட்டி விட்டுவிடுகிறார்கள். ரெட்டினெக்டமி என்பார்கள். கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. பார்வைக்காகப் பார்வைப் படலத்தையே வெட்டுவதா? ஆனால் நடுவைக் காப்பாற்ற ஓரத்தைக் கொடுக்கும் கணக்கு அது. மாமாவுக்குக் கீழ்ப்பக்கத்தில் ஒரு பகுதியை வெட்ட வேண்டியிருந்தது. கீழ் விழித்திரை பார்ப்பது மேலுலகத்தை. ஆகவே அவருக்கு இன்று அந்தக் கண்ணில் மேலே வானமும் கூரையும் ஓரளவு குறைவு. காலடி தெரிகிறது. படிக்கட்டும் சரிவுமாக இருக்கிற நம்முடைய இடத்தில் காலடி தெரிவது பெரிய காரியம்.

வெட்டிய ஓரம் முழுக்க லேசர் சுட்டு, பாரத்திரவத்தை எடுத்துவிட்டு, இந்தமுறை வாயுவுக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெயை நிரப்பினார்கள். 1962இல் போல் சிபிஸ் என்பவர் கண்ணுக்குள் எண்ணெய் விடுவதைப் பற்றி எழுதியதிலிருந்து இதற்கு நீண்ட வரலாறு உண்டு, சண்டையும் உண்டு. 1992இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, முற்றிய தழும்புக்கு எஸ்.எப்.6 வாயுவைவிட எண்ணெய் மேல், சி3.எப்8 வாயுவும் எண்ணெயும் ஏறக்குறையச் சமம் என்று காட்டியது. சமம் என்று வந்தபின் நோயாளியின் வாழ்க்கையைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். எண்ணெய் உயரத்துக்கு விரியாது. எண்ணெய் இருக்கும் கண்ணோடு பட்டிப்பொலைக்கும் போகலாம், விமானமும் ஏறலாம். வைத்தியர் எண்ணெயைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் தழும்பின் கடுமைதான். ஆனால் "இந்தமுறை ஐயா வீட்டுக்குப் போகலாம்" என்று அவர் சொன்னபோது, கவிழ்ந்து படுத்திருந்த மாமா முகத்தைத் திருப்பாமலே "சந்தோசம் சேர்" என்றார்.

எண்ணெய்க்கும் அதன் தொல்லைகள் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். அது தண்ணீரைவிடச் சற்று இலேசானது, மேலே மிதக்கும். அதனால் கீழ்ப்பக்க விழித்திரைக்குப் பிடி குறைவு, தழும்பு மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் கீழேதான் தொடங்கும். கண்ணின் சொந்த வில்லை இருந்தால் பார்வைப் பவர் 5, 6 அளவு மாறிப்போகும், பழைய கண்ணாடி உதவாது. வெண்புரை சீக்கிரம் வரும். அழுத்தம் ஏறலாம். நாள்பட்டால் எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடைந்து கண்ணின் முன்னறைக்கு வரும். ஆகவே எல்லாம் ஒழுங்காக இருந்தால் சில மாதத்தில் அதை வெளியே எடுக்க வேண்டும். அது இன்னொரு சத்திரசிகிச்சை. "எண்ணெய் உள்ளேயே இருக்கட்டும், சும்மா எதுக்குத் தோண்டுறது" என்று கிளினிக் போவதை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்வை தெரிந்துகொண்டே இருக்கும்போது அழுத்தம் நரம்பை அரித்துவிடும், அவர்களுக்குத் தெரியாது. வேறுவழியில்லாமல் எண்ணெயை வைத்தியரே விட்டுவைக்கும் கண்களும் உண்டு. அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

தழும்பு வராமல் தடுக்க மருந்து இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். ஸ்டீரொய்ட், ஹெப்பாரின், 5-புளோரோயுராசில், இப்போது மெத்தோட்ரெக்சேட் என்று பலதைச் சோதித்திருக்கிறார்கள், சோதித்துக்கொண்டும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று உறுதியாக நிலைத்த மருந்து ஒன்றும் இன்னும் கைக்கு வரவில்லை. கத்தியும் இடுக்கியும்தான் இன்றும் வைத்தியம்.

"கண்ணை மாத்தி வைக்க ஏலாதா?" என்பது அடுத்த கேள்வி. இலங்கையில் இந்தக் கேள்வி வருவது ஆச்சரியமில்லை. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கண்ணனுப்பியதிலிருந்து எத்தனையோ நாடுகளுக்கு நம்முடைய கண்கள் போயிருக்கின்றன. ஆனால் அங்கே மாற்றி வைப்பது கருவிழிக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தை மட்டும்தான், அதாவது கோர்னியாவை. விழித்திரை மூளையோடு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகளால் தொடுக்கப்பட்டது. அறுத்தால் திரும்பத் தொடுக்க முடியாது. அவரவர் விழித்திரையை அவரவர் கண்ணிலேயே காப்பாற்றினால்தான் உண்டு.

மாமாவுக்கு எண்ணெய் எடுத்தாகிவிட்டது. விழித்திரை ஒட்டியபடி நிற்கிறது. ஒட்டி நிற்பது ஒன்று, அது பார்ப்பது இன்னொன்று. நாள்பட்ட விலகலில் பட்டினி கிடந்த கலங்கள் எல்லாம் திரும்ப எழுவதில்லை. பேப்பர் வாசிக்க அந்தக் கண் உதவாது. முற்றத்தில் நிற்பது யார் என்று உருவத்தை வைத்துச் சொல்கிறார், விரலை நீட்டினால் எண்ணுகிறார், வெயிலையும் நிழலையும் பிரித்தறிகிறார். அவ்வளவுதானா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இடது கண்ணுக்கு ஏதாவது வந்தால் கழிவறைக்கும் தண்ணிக் குழாய்க்கும் தனியாகப் போய்வர அந்தக் கண் போதும். இரண்டு பெரிய சத்திரசிகிச்சையும் அதற்கு ஈடானதுதான் என்று மாமா சொல்கிறார், நானும் அப்படியே நினைக்கிறேன். அரசாங்க வைத்தியசாலையில் இதற்கெல்லாம் ஒரு சதமும் வாங்கவில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். செலவானது பஸ்ஸுக்கும் தங்குமிடத்துக்கும், இழந்த நாட்சம்பளமும்தான். அதுவே தோட்டத்துக் குடும்பத்துக்குப் பெரிய சுமை.

இடது கண்ணையும் விரித்துப் பார்த்தபோது ஓரத்தில் விழித்திரை மெலிந்து, சின்னதாய் ஓர் ஓட்டை இருந்தது. கிளினிக்கிலேயே உட்காரவைத்து லேசர் சுட்டு அனுப்பினார்கள். ஒரு கண்ணில் விலகல் வந்தவருக்கு மற்றக் கண்ணைப் பார்க்காமல் விடக்கூடாது. அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் வாரத்தில் ஒருநாள் ஒவ்வொரு கண்ணாக மூடிச் சுவர்க் கலண்டரைப் பார்க்கப் பழகுங்கள். புதிதாகப் பூச்சி பறந்தாலோ மின்னல் வெட்டினாலோ எந்தப் பக்கமிருந்தாவது நிழல் ஏறினாலோ அன்றே கண் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குப் போய், "திரை மறைக்கிறது" என்று சொல்லுங்கள். ஒபரேஷன் முடிந்தவர்களுக்கு மங்கல், வளைந்து தெரிதல், வலி இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

வைத்தியசாலைகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வாயு வைத்து அனுப்பும் நோயாளியின் அட்டையில் "மலைப்பகுதிக்கு ஏறக்கூடாது" என்று ஒரு வரியைத் தமிழில் அச்சடியுங்கள். மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். சிங்களம் தெரியாமல் தனியாக வந்து, தனியாகவே ஹட்டன் பஸ்ஸில் ஏறுகிறவருக்கு யார் சொல்வது?

மாமா இப்போது கவ்வாத்துக்குப் போவதில்லை, நாற்றுமேடையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவருடைய டிவிஷனில் அடுத்த கவ்வாத்து தொடங்குமுன் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கச் சொல்லி, தோட்டத் தலைவர்மாரோடு சேர்ந்து நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். மழைக்குள் கண்ணாடி புகைந்துவிடும், வெட்டத் தெரியாது என்று ஆட்களே சொல்கிறார்கள். அது நியாயமான பேச்சுத்தான். அதனால் காற்றுத்துளை உள்ள வகையை, இல்லாவிட்டால் முகத்தை மறைக்கும் கம்பிவலை வகையைக் கேட்டிருக்கிறோம். வேறு தோட்டங்களில் யாராவது இதைப் போட்டுக் கவ்வாத்து வெட்டிப் பார்த்திருந்தால், எது சரிவந்தது என்று எனக்கு எழுதுங்கள்.